இலை எங்கே என்று கேட்கிற கடை: மாதவரம் பக்கம் ஒரு தவிட்டுக்கடை

கொடுங்கையூரில் அரை கிரவுண்டு மனையில் வீடு போக மிஞ்சிய மண்ணில் ஐந்து பழக்கன்றுகள் வைத்திருக்கிறோம். கொய்யா, எலுமிச்சை, பங்கனபள்ளி ஒட்டு மா, சீத்தா, மாதுளை. ஐந்தும் 2024 ஆடியில் நட்டவை. அதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு பெரிய கொய்யா மரம் இருந்தது, என் மாமனார் தன் கையால் வைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவோடு சேர்த்து எங்கள் கொல்லையும் நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்ததில் வேர் அழுகி, பொங்கலுக்குள் மொத்த இலையும் கொட்டிப் பட்டுப்போனது. மாமா அதற்கப்புறம் கொல்லைப்பக்கம் போவதையே விட்டுவிட்டார். இந்தக் கன்றுகளை எப்படியாவது காப்பாற்றி அவரை மறுபடி அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும் என்று இருந்தேன். நான் எழுதப்போகிற கடைக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

முதலில் பூச்சி விழுந்தது கொய்யாவில்தான். நட்டு மூன்று மாதம் இருக்கும், நுனிக்கொழுந்தில் மாவு தூவினதுபோல் வெள்ளை வெள்ளையாக. வேலையிலிருந்து வரும் வழியில் இருந்த ஒரு கடையில் (எந்தக் கடை என்பது வேண்டாம்) செடியில் வெள்ளையாகப் பூச்சி விழுகிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் வேறெதுவும் கேட்காமல் பெரிய கேனிலிருந்து ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் கால்வாசி ஊற்றி, தண்ணீரில் மூடிக்கு ஒரு மூடி கலந்து அடிங்க என்று கொடுத்துவிட்டார். லேபிள் இல்லை, மருந்தின் பெயர் இல்லை, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூடி என்பதும் இல்லை. வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான், தண்ணீர் பாட்டிலைப் பார்த்தால் திறந்து வாயில் வைக்கிற வயசு. பரணில் தூக்கி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, அப்போதுதான் எனக்கு நேரம், நல்ல வெயிலில் அடித்தேன். மூன்றே நாளில் கொழுந்தெல்லாம் கருகிச் சுருண்டது. வெள்ளைப்பூச்சி ஒரு பத்து நாள் கண்ணில் படவில்லை, அப்புறம் முன்னைவிட இரண்டு பங்காக வந்தது, கூடவே எறும்பும்.

தவிட்டுக்கடையைச் சொன்னது எங்கள் பால்காரர். மூலக்கடையிலிருந்து மாதவரம் பால்பண்ணை போகிற வழியில், தபால்பெட்டி நிறுத்தத்தில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். முன்னால் தவிடு, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை மூட்டைகள். மாடு வைத்திருக்கிறவர்கள்தான் அங்கே முக்கியமான வாடிக்கை. உள்ளே தள்ளி ஒரே ஒரு இரும்பு அலமாரி, அதில் வேப்பெண்ணெய், வேப்பம் புண்ணாக்கு, மண்புழு உரம், ஸ்பிரேயர், மஞ்சள் அட்டை, பழ ஈப் பொறி. கடையைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும்.

"மாவுப்பூச்சிக்கு மருந்து கொடுங்கக்கா" என்றேன்.

"மாவுப்பூச்சின்னு யார் சொன்னது? இலை எங்க?"

இலை கொண்டுவரவில்லை.

"நாளைக்கு எடுத்துனு வா. கவர்ல போட்டு வாயக் கட்டினு வா. பஸ்ல தொறக்காத."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது உண்மைதான். மெட்ரோ வேலை நடக்கிற அந்தச் சாலையில் மூலக்கடையைத் தாண்டுவதே பெரிய பாடு, பணம் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், பொருள் அலமாரியில் தெரிகிறது, கொடுக்க மாட்டேன் என்கிறார். ஆனாலும் மறுநாள் ஒரு கொத்து இலையைக் கவரில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் மாட்டுகிற லென்ஸ் ஒன்று கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறார். தான் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். நான் வாழ்க்கையில் அதுவரை ஒரு பூச்சியை அப்படிப் பார்த்ததில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பஞ்சு. லென்ஸில் பார்த்தால் மாவில் புரட்டிய மரவட்டை மாதிரி வரிவரியாக ஒரு உடம்பு, ஓரம் முழுக்க மெழுகு இழைகள், மாவுக்கு அடியில் லேசான ரோஸ் நிறம். பக்கத்திலேயே ஒரு எறும்பு நின்று கொம்பால் அதைத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டத் தட்டப் பின்பக்கம் ஒரு சொட்டு வந்தது. எறும்பு அதைக் குடித்தது. மாட்டில் பால் கறக்கிற மாதிரி என்றேன். "அதேதான். கறக்கிறவன விட்டுட்டு மாட்ட மட்டும் தொரத்தினா இன்னா ஆவும்?" என்றார்.

அன்று அவர் எனக்கு விற்றது ஒரு பாக்கெட் கிரீஸும் ஒரு கட்டி காதி சோப்பும்தான். மொத்தமே நூறு ரூபாய்க்குள். கிரீஸ் எறும்பு மேலே ஏறாமல் தடுக்க. ஆனால் செடியின் தண்டில் நேரடியாகக் கிரீஸ் தடவக்கூடாது, இளம் பட்டை வெந்துபோகும். முதலில் அகலமான டேப்பை ஒரு சுற்று சுற்றி அதன்மேல் தடவ வேண்டும், தண்டு பருக்கப் பருக்க டேப்பை அவிழ்த்துப் புதிதாகச் சுற்ற வேண்டும். கன்றுக்கு முட்டுக்கொடுத்த குச்சிக்கும் அதேபோல். சோப்பைச் சீவித் தண்ணீரில் கரைத்து, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒவ்வொரு கணுவாக மாவைத் தேய்த்துவிட வேண்டும். மாவுப்பூச்சிமேல் இருக்கிற மெழுகு எந்த மருந்தையும் எளிதில் உள்ளே விடாது, மெழுகைக் கலைத்த பிறகு அடிக்கிற மருந்துதான் பிடிக்கும்.

ஒரு வாரம் செய்தேன். எறும்பு அப்படியே இருந்தது. டேப் சரியாக இருக்கிறது, கிரீஸ் காயவில்லை, எங்கிருந்து ஏறுகிறது என்று புரியவில்லை. ஒரு நாள் சாயந்திரம் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சுவரிலிருந்து கட்டியிருந்த துணிக்கொடி கொய்யாவின் ஒரு கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தது, அந்தக் கயிறு நெடுக வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. கொடியை இரண்டடி தள்ளிக் கட்டினேன். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாளில் மாவுப்பூச்சி கண்கூடாகக் குறைந்தது. எறும்பு இருக்கிறவரைக்கும் மாவுப்பூச்சியைத் தின்கிற மற்றப் பூச்சிகளை அது கிட்டே விடாது, எறும்பு போனதும் அவை தாமாக வந்துவிடும் என்று அக்கா சொன்னது அப்படியே நடந்தது.

அப்படி வந்ததை நானே கொன்ற கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நிறையப் பேருக்கு நடக்கிறது. மாவுப்பூச்சி குறைந்துகொண்டிருந்த நேரத்தில் திடீரென்று பெரிய பெரிய மாவுப்பூச்சிகள் தெரிந்தன. சாதாரண மாவுப்பூச்சியைப்போல் இரண்டு மூன்று மடங்கு, உடம்பெல்லாம் வெள்ளை முடி முடியாகத் தொங்குகிறது, வேகமாக வேறு நடக்கிறது. பதறிப்போய் ஏழெட்டை நசுக்கிவிட்டு, இரண்டை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். லென்ஸில் பார்த்ததும் அக்கா நிமிர்ந்து, "எத்தினி சாவடிச்ச?" என்றார். அது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிமாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு மாவுப்பூச்சியைத் தின்கிற புழு. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இந்த வகைப் பொறிவண்டை ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-லேயே நம் நாட்டுக்குக் காப்பித் தோட்டத்துச் செதில் பூச்சிக்காகக் கொண்டுவந்திருக்கிறார்கள், இப்போது மாவுப்பூச்சிக்காக வளர்த்து விடுகிறார்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம்தான்: மாவுப்பூச்சியைக் குச்சியால் தொட்டால் அசைந்தும் அசையாமலும் கிடக்கும், இது கிடுகிடுவென்று ஓடும். டப்பாவிலிருந்த இரண்டையும் திரும்பக் கொண்டுபோய்க் கொய்யாவில் விட்டேன். தெரிந்திருந்தால் அந்த ஏழெட்டும் பிழைத்திருக்கும். இன்னும் மனசில் இருக்கிறது.

இதே பேச்சில்தான் பப்பாளி மாவுப்பூச்சியைப் பற்றியும் சொன்னார். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தெரிந்து, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு பரவியது. எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. மாநிலத்துக்கே அதுதான் வழியாக இருந்தது, உன் அரை கிரவுண்டுக்கு மட்டும் கேன் மருந்து எதற்கு என்பதுபோல் பேசினார். அவர் வாயால் கேட்கும்போது நம்பாமல் இருக்க முடியவில்லை.

சரி, பொருள்களுக்கு வருகிறேன்.

வேப்பெண்ணெய். இதைத்தான் நான் அங்கே திரும்பத் திரும்ப வாங்குகிறேன், அரை லிட்டர் நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் மேலே, சில்லறைக் கடைகளில் கிடைக்கிற சின்ன பாட்டில்களோடு ஒப்பிட்டால் விலை குறைவு, வாசனையைப் பார்த்தாலே கலப்படம் இல்லை என்று தெரியும், கை கழுவினாலும் இரண்டு நாள் போகாது. ஆனால் வேப்பெண்ணெயைக் குறைசொல்கிற முக்கால்வாசிப் பேர் அதைத் தப்பாகக் கலக்கிறார்கள். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும், முதல் பாதி வெறும் தண்ணீராகவும் கடைசிப் பாதி வெறும் எண்ணெயாகவும் செடிமேல் விழும், கடைசிப் பாதி விழுந்த இலை கருகும். முதலில் சோப்புக் கரைசலைக் கொஞ்சமாக எடுத்து அதில் எண்ணெயை விட்டுப் பால்போல் வெளுக்கும்வரை அடித்துக் கலக்க வேண்டும், அப்புறம்தான் மிச்சத் தண்ணீர். ஒரு லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய். கொஞ்சம் சேர்த்து ஊற்றினால் வேகமாகக் கேட்கும் என்று 10, 15 ஊற்றினால் கொழுந்து போய்விடும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வெயில் இறங்கின பிறகு, ஐந்து மணிக்கு மேல். வெயில் பட்டால் வேம்பின் சத்து சீக்கிரம் கெட்டுவிடும், இலையும் வேகும். இலையின் அடிப்பக்கத்தில் படும்படி அடிக்க வேண்டும், பூச்சி குடியிருப்பது அங்கேதான். முதல் தடவை என்றால் இரண்டு இலையில் மட்டும் அடித்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அக்கா சொல்லித்தான் தெரியும். வேம்பு அடித்ததும் பூச்சி செத்து விழாது. அது பூச்சியைத் தின்னவிடாமல் செய்யும், தோலுரித்து வளரவிடாமல் செய்யும், அதனால் வேலை தெரிய நாலைந்து நாளுக்கு மேல் ஆகும். முட்டைகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆகவே ஏழு முதல் பத்து நாளில் மறுபடி, அப்புறம் இன்னொரு தடவை. ஒரு தடவை அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று திரும்பி வருகிறவர்களை அவர் நன்றாகத் திட்டுவார்.

கையால் அழுத்திக் காற்று ஏற்றுகிற இரண்டு லிட்டர் ஸ்பிரேயர் அங்கேதான் வாங்கினேன். இதில் எனக்குத் திருப்தி இல்லை. நுனி வாய் மூன்றாவது மாதத்திலேயே ஒழுக ஆரம்பித்தது, வேப்பெண்ணெய் உள்ளே இறுகி அடைத்துக்கொண்டது, மார்கழிக் காலையில் எண்ணெய் தானே கெட்டியாகிவிடுகிறது, அப்போது இன்னும் மோசம். பாட்டிலை வெந்நீரில் கொஞ்சநேரம் வைத்து இளக்கின பிறகுதான் கலக்கவே முடியும். திரும்பக் கொண்டுபோனதற்கு வாஷர் மாற்றிக் கொடுத்தார், பணம் வாங்கவில்லை, ஆனால் வேறு நல்லதாகக் கேட்டால் அந்த ஒரு வகைதான் வைத்திருக்கிறார். அடித்து முடித்ததும் வெறும் சோப்புத் தண்ணீரை ஊற்றி ஒரு நிமிஷம் அடித்துக் காலி செய்துவிட்டால் அடைப்பு வராது, இதையாவது விற்கும்போதே சொல்லியிருக்கலாம்.

மஞ்சள் ஒட்டும் அட்டை. பத்து அட்டை வாங்கினேன். கொய்யாவில் வெள்ளை ஈ வந்தபோது. பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன், 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்த அந்தச் சுருள் வெள்ளை ஈ இப்போது எல்லா ஊர்த் தென்னையிலும் இருக்கிறது, தென்னையோடு நிற்பதில்லை, கொய்யா, வாழை எல்லாவற்றுக்கும் வருகிறது. இலையைத் திருப்பினால் யாரோ மெழுகால் சுருள் சுருளாகக் கோலம் போட்ட மாதிரி இருக்கும். கீழ் இலைகளில் பிசுபிசுவென்று தேன் சொட்டி, அதன்மேல் அடுப்புக்கரி பூசின மாதிரி கரும்பூசணம். அட்டையில் ஈ நன்றாகத்தான் ஒட்டியது. ஆனால் கூடவே சின்னக் குளவிகள், இரண்டு பொறிவண்டு. ஒரு வாரத்தில் எடுத்துவிட்டேன். வெள்ளை ஈ வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு அட்டை போதும், செடிக்குச் செடி கட்டித் தொங்கவிட வேண்டிய பொருள் இல்லை. கரியைப் போக்க அக்கா எதுவும் விற்கவில்லை, வீட்டிலிருக்கிற மைதாவைச் சொன்னார். ஒரு லிட்டருக்கு 25 கிராம், கூழாகக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து அடித்தால் வெயிலில் காய்ந்து அப்பளம்மாதிரி உரிந்து கரியையும் சேர்த்துக்கொண்டு கீழே விழும். விழுந்தது. மாமா அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்துக் கொல்லைக்கு வந்து இலையை விரலால் தடவிப் பார்த்தார்.

எலுமிச்சைக்கு அவர் எனக்கு ஒன்றுமே விற்கவில்லை. கன்றில் மொத்தம் முப்பது நாற்பது இலைதான் இருக்கும், இரண்டு நாளில் பாதி காணவில்லை, ஈர்க்குமாதிரி நடுநரம்பு மட்டும் நிற்கிறது. புழு எதுவும் தெரியவில்லை, இலைமேல் குருவி எச்சம்தான் இருந்தது. அதையும் சேர்த்து இலையைக் கிள்ளிக் கொண்டுபோனேன். அக்கா ஒரு குச்சியை எடுத்து அந்த எச்சத்தின் தலையில் மெதுவாகத் தட்டினார். எச்சம் தலையைத் தூக்கியது. தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு ஈரமான கொம்பு வெளியே நீண்டு, ஒரு புளித்த வாசனை வந்தது, அப்படியே உள்ளே போய்விட்டது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது எச்சம்போல் இருக்கும், பெரிதானால் இலையின் பச்சை. எலுமிச்சைக்கு மட்டும் இல்லை, கறிவேப்பிலைக்கும் வில்வத்துக்கும் இதுதான் வரும். "நாப்பது இலை செடிக்கு மருந்தா? காலைல காப்பி குடிச்சிட்டு போய் பொறுக்கி எடு. கொழுந்துல கடுகு மாதிரி மஞ்சளா முட்டை இருக்கும், அதயும் தேய்ச்சி வுடு" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு பஸ் காசு மட்டும் செலவு. இப்போது என் பையன் வேலை அது. கொம்பு வருவதைப் பார்க்கத் தினமும் எழுந்ததும் ஓடுகிறான். பெரிய கறிவேப்பிலை மரம் ஒன்று தெருமுனையில் இருக்கிறது, எடுத்த புழுக்களை அதில் கொண்டுபோய் விடுகிறான், அந்த மரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

எலுமிச்சைக் கொழுந்தில் வெள்ளிக் கம்பி இழைத்த மாதிரி வளைந்து வளைந்து கோடு போகும், இலை சுருங்கும். அது இலைத் துளைப்பான், புழு இலையின் தோலுக்குள்ளேயே ஓடித் தின்கிறது. பழைய இலைக்கு வராது, தளிருக்குத்தான். கோடு விழுந்த இலையையெல்லாம் கிள்ளி எறிந்துவிட வேண்டாம், மிச்சப் பச்சை வேலை செய்துகொண்டுதான் இருக்கும் என்றார். உரத்தை அள்ளிக் கொட்டித் திரும்பத் திரும்பத் துளிர்க்க வைப்பதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன், அடுத்த துளிருக்கு வேம்பு அடித்தேன், ஓரளவு சரியானது. முழுக்கப் போகவில்லை.

மாங்கன்றுதான் என்னை ரொம்பப் படுத்தியது. ஐப்பசி மழை பிடித்து நல்ல செம்பு நிறத்தில் துளிர் விட்டது. ஒரு காலையில் பார்த்தால் துளிர் இலைகள் எல்லாம் கீழே கிடக்கின்றன. கடித்த அடையாளம் இல்லை. கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டின மாதிரி நேர்க்கோட்டில் வெட்டு, காம்போடு ஒரு சின்னத் துண்டு மட்டும் செடியில் நிற்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக வெட்டினார்கள் என்று நினைத்து அவர்கள் அம்மாவிடம் போய்க் கேட்டும்விட்டேன். கடையில் அக்கா கீழே விழுந்த இலையை லென்ஸில் காட்டினார். நடுநரம்பு ஓரமாகச் சின்னச் சின்னக் கீறல், அதற்குள் முட்டை. இலை வெட்டும் கூன்வண்டு. முட்டையை இலையில் வைத்துவிட்டுப் பிறகு இலையை வெட்டிக் கீழே தள்ளிவிடும். விழுந்த இலைக்குள் புழு வளர்ந்து மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி அடுத்த துளிருக்கு வண்டாக ஏறும். அதனால் மேலே மருந்து அடிப்பதைவிட முக்கியம், விழுந்த இலையை அன்றன்றைக்கே ஒன்றுவிடாமல் பொறுக்கி, கவரில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுவது. துளிர் வருகிற நேரத்தில் கொசுவலைத் துணியைக் கன்றுக்கு முக்காடு போட்டு விடச் சொன்னார், சின்னக் கன்றாக இருக்கிறவரைக்கும்தான் அந்த வசதி. இரண்டு துளிர் போனது, மூன்றாவது நின்றது. அடுத்த வீட்டு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

கொய்யா இந்த வருஷம் காய்த்தது. பழ ஈக்கு மெத்தில் யூஜினால் (ஈயை இழுக்கிற வாசனை மருந்து) பொறி வாங்கினேன், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மருந்து ஊறின கட்டை தொங்கும். டப்பா நிறைய ஈ விழுந்தது, பார்க்கத் திருப்தியாக இருந்தது, ஆனால் அதில் விழுவது ஆண் ஈ மட்டும்தான். காயைக் குத்தி முட்டை வைப்பது பெண் ஈ. சுற்றுவட்டாரத்தில் நாலு வீட்டில் சேர்ந்து கட்டினால் பலன் தெரியும், ஒரே வீட்டில் கட்டினால் பாதிதான். எங்களைக் காப்பாற்றியது பழைய வேட்டித் துணியில் தைத்த சின்னப் பைகள். காய் பிஞ்சு நிலை தாண்டி, பழுக்கத் தொடங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே பையை மாட்டிக் காம்பில் கட்டிவிட வேண்டும். பதினொரு காயில் பை மாட்டின ஒன்பதும் புழு இல்லாமல் வந்தது. மாட்டாமல் விட்ட இரண்டிலும் புழு. பொறியை வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், பையை விட்டுவிட்டுப் பொறியை மட்டும் நம்பாதீர்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று. குப்பைமேட்டுப் புழுதியும் லாரிப் புழுதியும் இலையில் படிந்தால் செடி அழுக்காகிறது என்பதோடு போகாது, சிலந்திப்பூச்சியும் செதில் பூச்சியும் அங்கேதான் பெருகும், அவற்றைத் தின்கிற பூச்சிகளுக்குப் புழுதியில் வேலை செய்ய முடியாது. வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஹோஸ் பைப் தண்ணீரை வேகமாக இலைக்கு அடியில் பீய்ச்சினாலே பாதிப் பூச்சி போகும். இதையும் அவர்தான் சொன்னார். இதற்கு அவர் என்னிடம் என்ன விற்க முடியும்?

அந்தத் தண்ணீர் பாட்டில் மருந்தை ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியைத் திறக்கக்கூட விடவில்லை. எந்தப் பூச்சிமருந்து டப்பாவிலும் சதுரத்துக்குள் ஒரு முக்கோணம் இருக்கும், சிவப்பு என்றால் கொடிய விஷம், அதற்கு அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை, இதைப் பார்க்காமல் வீட்டுக்குள் எந்த மருந்தையும் கொண்டுபோகாதே, டப்பாவைப் பிரித்து ஊற்றிக் கொடுக்கிறவர்களிடம் வாங்கவே வாங்காதே என்றார். பையன் வயசைக் கேட்டார். அப்புறம் பாட்டிலைத் தானே வாங்கித் துணியில் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஸ்பிரேயரைச் சொல்லிவிட்டேன். மாட்டுக்காரர்கள் மூட்டை ஏற்றுகிற நேரத்தில் போனால் அரைமணி நேரம் நிற்க வேண்டும், அவர்களுக்குத்தான் முதல் கவனிப்பு. போனில் படம் அனுப்பினால் பார்க்க மாட்டார், இலை நேரில் வந்தாக வேண்டும், வயதானவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது கஷ்டம்தான், இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு அனுப்புகிற வசதி கிடையாது. குரல் கொஞ்சம் அதட்டலாக இருக்கும், இரண்டாவது தடவை போகும்போது பழகிவிடும். மாதுளையில் காய் துளைக்கிற புழுவுக்கு அவர் சொன்ன வேம்பு எனக்குப் பலன் தரவில்லை, அதற்கும் கடைசியில் பைதான் மாட்டியிருக்கிறேன். சீத்தாவில் இதுவரை ஒன்றும் விழவில்லை.

போகிறவர்கள் காலை பத்தரை மணிக்கு மேல், ஒரு மணிக்குள் போங்கள், மூட்டை வேலை குறைவாக இருக்கும். இலையை மட்டும் கொண்டுபோகாமல், நோய் பிடித்த கொத்து ஒன்று, நன்றாக இருக்கிற கொத்து ஒன்று, செடிக்கு அடியில் விழுந்து கிடக்கிற இலை இரண்டு, மூன்றையும் தனித்தனிக் கவரில் கட்டிக்கொண்டு போங்கள், மூன்றையும் கேட்பார். போன வாரம் நான் போனபோது மாமாவும் கூட வந்தார். அவர் எடுத்துவந்தது கொய்யா இலை, அதன் அடியில் என்னவோ கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று. லென்ஸை அக்கா முதலில் அவர் கையில்தான் கொடுத்தார்.